படர்தாமரை: அரிப்பு நின்றதும் கிரீமை நிறுத்தலாமா?

கேள்வி: தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து, தாங்க முடியாமல் அரிக்கிறது. கிரீம் தடவினால் ஐந்தாறு நாளில் அடங்குகிறது. நிறுத்திய இரண்டு வாரத்தில் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பிவிடுகிறது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்றுதான். ஆனால் எந்தக் கிரீமைத் தடவினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். டியூபை எடுத்து, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர் ஏதேனும் இருந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் விரைவில் அடக்கிவிடும். ஆனால் பூஞ்சையை எதிர்க்கும் தோலின் ஆற்றலையும் சேர்த்தே அடக்கிவிடுவதால், மேலே குணமானதுபோல் தெரியும்போதே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். தொடை இடுக்கு போன்ற மெல்லிய தோலில் நெடுநாள் தடவினால், ஆயுளுக்கும் மறையாத வரித் தழும்புகள்கூட விழலாம். அத்தகைய கிரீமைப் பல வாரங்களாகத் தடவி வந்திருந்தால், அதை நிறுத்தியதும் அரிப்பு சில நாள் கூடக்கூடும் என்பதால், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் மாறுவது நல்லது.

க்ளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து மட்டுமே கொண்ட 1 சதவீதக் கிரீம்தான் உங்களுக்கு ஏற்றது. க்ளோட்ரிமசோலை நாளுக்கு இருமுறை, பொதுவாக நான்கு வாரம் வரை தடவ வேண்டும். டெர்பினாஃபைனுக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் போதும். அரிப்பு ஐந்தாறு நாளில் நின்றாலும், தோலின் மேலடுக்கில் பூஞ்சை மிச்சமிருக்கும் என்பதால் சொன்ன காலம் முழுவதும் தடவியே ஆக வேண்டும்.

தடவும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். படர்தாமரை வளர்வது அதன் விளிம்பில். நடுப்பகுதி தெளிந்திருக்க, ஓரம் மட்டும் சற்றே தடித்துச் செதிலாக இருப்பதை நல்ல வெளிச்சத்தில் நீங்களே பார்க்கலாம். ஆகவே ஓரத்தைத் தாண்டி, நன்றாகத் தெரியும் தோலிலும் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். விரல்களும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதுமானது. குளித்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே தடவுங்கள்.

கால்விரல் இடுக்குகளையும் பாருங்கள். அங்கே தோல் வெளுத்து, ஊறி, உரிந்திருந்தால் பூஞ்சை அங்கிருந்தே மேலேறியிருக்கலாம். இரண்டு இடங்களுக்கும் ஒருசேர மருந்திட வேண்டும், காலிலுள்ள பூஞ்சை உள்ளாடையில் ஒட்டாமலிருக்க, உள்ளாடைக்கு முன் காலுறையை அணிய வேண்டும். துண்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு இருந்தால், அவர்களுக்கும் அதே சமயத்தில் சிகிச்சை தேவை.

இரண்டு வாரம் முறையாகத் தடவியும் ஓரம் அடங்காவிட்டாலோ, உடலின் பல இடங்களில் பரவினாலோ, நீரிழிவு இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் எளிய பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்கும். தலை, நகம் ஆகிய இடங்களில் வந்தால் பெரும்பாலும் மாத்திரைதான் தேவைப்படும்.

அரிப்பும் செதிலும் போன பிறகு பழுப்பு நிறக் கறை சில மாதம் இருக்கலாம். அது நோயன்று, அதற்காக மறுபடி கிரீம் தடவ வேண்டியதில்லை.