பிட்காயின் ஈடிஎஃப்: உள்ளே என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

2024 ஜனவரி 11 முதல் அமெரிக்கச் சந்தையில் வர்த்தகமாகிவரும் ஸ்பாட் பிட்காயின் ஈடிஎஃப்கள் (பிட்காயினையே வாங்கி வைத்துக்கொண்டு, பங்கு போலச் சந்தையில் யூனிட் விற்கும் ஃபண்டுகள்) பற்றிய கேள்விகள் இவை. உதாரணத்துக்குப் பெரும்பாலும் பிளாக்ராக்கின் ஐஷேர்ஸ் பிட்காயின் டிரஸ்ட்டையே (ஐபிட்) எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்களில் வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை.

கேள்வி: இது மியூச்சுவல் ஃபண்டு மாதிரிதானே? ஃபண்டு மேனேஜர் யார்?

பேரில்தான் ஃபண்டு. சட்டப்படி இது டெலவேர் மாநிலத்தில் பதிவான ஒரு டிரஸ்ட். மியூச்சுவல் ஃபண்டுகளைக் கட்டுப்படுத்தும் 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது வராது. 1933ஆம் ஆண்டுப் பங்குப்பத்திரச் சட்டப்படி எஸ்-1 என்ற ஆவணம் தாக்கல் செய்து யூனிட்டை விற்கிறார்கள். அங்கே தங்க ஈடிஎஃப்கள் நடப்பதும் இந்த வழியில்தான்.

மேனேஜர் என்று முடிவெடுக்க யாரும் கிடையாது. விலை பாதியானாலும் டிரஸ்ட் காயினை விற்று ஒதுங்காது, ஏறும் என்று கூடுதலாகவும் வாங்காது. ஆனால் வேலை பார்ப்பவர்கள் பலர். டிரஸ்ட்டைத் தொடங்கி நடத்துவது ஸ்பான்சர், அதாவது பிளாக்ராக்கின் துணை நிறுவனம். காயினைப் பூட்டி வைப்பது முக்கியமாக, கிரிப்டோ எக்ஸ்சேஞ்சான காயின்பேஸின் துணை நிறுவனம் காயின்பேஸ் கஸ்டடி. வாங்கி விற்றுக் கொடுப்பது காயின்பேஸின் இன்னொரு கம்பெனி. ரொக்கத்தையும் கணக்கு வழக்கையும் பேங்க் ஆஃப் நியூயார்க் மெலன் பார்க்கிறது. யூனிட் பட்டியலாகியிருப்பது நாஸ்டாக்கில். இவர்களோடு ஆத்தரைஸ்டு பார்ட்டிசிபன்ட் எனப்படும் பெரிய புரோக்கர் நிறுவனங்களும் உண்டு. சுருக்கமாக ஏபி என்பார்கள். ஜேன் ஸ்ட்ரீட், ஜேபி மார்கன் மாதிரியான ஆட்கள். இந்த ஏபி செய்யும் வேலை புரிந்துவிட்டால் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

கேள்வி: முதல் நாளே 400 கோடி டாலருக்கு மேல் வர்த்தகம் நடந்ததாகப் படித்தேன். அவ்வளவு பிட்காயினை வாங்கினார்களா?

இல்லை. இந்தக் குழப்பம் செய்திகளிலும் அடிக்கடி வருகிறது. நீங்கள் ஒரு யூனிட் வாங்கும்போது உங்களுக்கு விற்பது பெரும்பாலும் இன்னொரு முதலீட்டாளர் அல்லது மார்க்கெட் மேக்கர் (வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை சொல்லித் தயாராக நிற்கும் நிறுவனம்). அந்த வர்த்தகத்தில் டிரஸ்ட்டின் பெட்டகத்தில் ஒரு சதோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) கூட அசையாது. ஒரே யூனிட் ஒரே நாளில் பத்துக் கை மாறலாம்.

காயின் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏபி மூலமாக மட்டும்தான், அதுவும் மொத்தமாக. ஐபிட்டில் ஒரு கூடை 40,000 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 0.00057 பிட்காயின் என்று வைத்தால் ஒரு கூடைக்கு 22.8 பிட்காயின். பிட்காயின் 1,00,000 டாலர் என்றால் யூனிட்டின் உண்மை மதிப்பு 57 டாலர், கூடையின் மதிப்பு 22.8 லட்சம் டாலர்.

சந்தையில் ஆசைப்பட்டு வாங்குபவர்கள் கூடி யூனிட் விலை 57.20க்குப் போகிறது என்று வையுங்கள். மார்க்கெட் மேக்கர் அந்த விலைக்கு யூனிட்டை விற்றுக்கொண்டே, அதே நொடியில் அதற்கு ஈடான பிட்காயினையோ சிஎம்இ ஃபியூச்சரையோ (சிகாகோவின் சிஎம்இ சந்தையில் விற்கும், பின்னொரு தேதிக்கான பிட்காயின் ஒப்பந்தம்) வாங்கிவிடுவார். கையில் இல்லாத யூனிட்டைத்தான் விற்கிறார். ஒரு கூடை அளவு சேர்ந்ததும் ஏபி வழியாக டிரஸ்ட்டிடம் கூடைக்கு ஆர்டர் போட்டு, புது யூனிட் 40,000 வாங்கி, விற்றதை நேர் செய்துவிடுவார். யூனிட்டுக்கு 20 சென்ட் வீதம் கூடைக்கு 8,000 டாலர். அதில் செலவு போக மிச்சம் லாபம். இப்படிப் பலர் போட்டி போடுவதால் அந்த 20 சென்ட் நீடிப்பதே இல்லை, ஒன்றிரண்டு சென்ட்டாகச் சுருங்கிவிடும்.

விலை 56.80க்கு இறங்கினால் எல்லாம் தலைகீழ். சந்தையில் மலிவாக 40,000 யூனிட்டைச் சேர்த்து டிரஸ்ட்டிடம் திருப்பிக் கொடுத்தால் 22.8 பிட்காயினோ அதற்கான ரொக்கமோ கிடைக்கும். யூனிட்டுகள் அழிக்கப்படும்.

ஆகவே ஈடிஎஃப்புக்குள் எவ்வளவு பணம் வந்தது என்று பார்க்க, வர்த்தக அளவைப் பார்க்காதீர்கள். மொத்த யூனிட் எண்ணிக்கை நேற்றைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்று பாருங்கள். அந்த எண்ணும் ஒரு நாள் பின்தங்கித்தான் தெரியும்.

கேள்வி: "காயினோ ரொக்கமோ" என்கிறீர்களே, எது? யார் முடிவு செய்வது?

முதலில் ரொக்கம் மட்டும்தான் என்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி நிபந்தனை போட்டது. பதிவுபெற்ற புரோக்கர்கள் தங்கள் கையால் பிட்காயினைத் தொடுவது எந்த விதிக்குள் வரும் என்பதில் தெளிவில்லை. அதனால் ஏபி டாலர் தர வேண்டும், டிரஸ்ட் காயின் வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. இதில் ஒரு சிக்கல்: கூடையின் விலை நிர்ணயமாவது ஒரு கணக்குப்படி, உண்மையில் காயின் கிடைப்பது வேறு விலையில். அந்த வித்தியாசம் ஏபி தலையில் விழும். அவர் அதை ஸ்ப்ரெட்டில் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) சேர்த்து உங்கள் தலையில் வைப்பார்.

2025 ஜூலை 29 அன்று, காயினாகவே கொடுத்து வாங்கவும் எஸ்இசி அனுமதித்தது. ஹாங்காங்கில் 2024 ஏப்ரலில் தொடங்கியபோதே இது இருந்தது.

கேள்வி: கிரேஸ்கேல் டிரஸ்ட் ஒரு காலத்தில் பாதி விலைக்குக் கிடைத்ததாமே? இந்த ஏபி எல்லாம் எங்கே போனார்கள்?

நல்ல கேள்வி. அவர்கள் நுழையக் கதவே இருக்கவில்லை.

கிரேஸ்கேல் பிட்காயின் டிரஸ்ட் (ஜிபிடிசி) 2013இல் தொடங்கியது. பணக்கார முதலீட்டாளர்கள் நேரடியாகப் போய் யூனிட் வாங்கலாம், ஆறு மாதம் (2020க்கு முன்பு ஒரு வருடம்) விற்க முடியாது, அதன்பின் ஓடிசி சந்தையில் (எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே புரோக்கர்கள் வழியாக நடப்பது) விற்கலாம். டிரஸ்ட்டிடம் திருப்பிக் கொடுத்துக் காயின் வாங்கும் வசதி இல்லை. போகும் வழி உண்டு, திரும்பும் வழி இல்லை.

சாதாரண ஆள் புரோக்கர் கணக்கில் பிட்காயின் வைக்க வேறு வழி இல்லாதவரை யூனிட் விலை உள்ளே இருக்கும் காயின் மதிப்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஹெட்ஜ் ஃபண்டுகள் இதையே தொழிலாக்கின: உண்மை மதிப்புக்கு வாங்கு, ஆறு மாதம் காத்திரு, பிரீமியத்தோடு விற்றுவிடு. 2021 பிப்ரவரியில் கனடாவில் பர்பஸ் பிட்காயின் ஈடிஎஃப் வந்தது. அதே சமயத்தில் ஜிபிடிசியில் பிரீமியம் டிஸ்கவுன்ட்டாக மாறியது. ஆறு மாதப் பூட்டில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2022இல் திவாலான த்ரீ ஆரோஸ் கேப்பிடல் ஜிபிடிசியைப் பெரிய அளவில் வைத்திருந்த நிறுவனங்களில் ஒன்று. 2022 டிசம்பரில் டிஸ்கவுன்ட் ஏறக்குறைய 50 சதவீதத்தைத் தொட்டது. காயின் பத்திரமாகத்தான் இருந்தது. வெளியே எடுக்கத்தான் முடியவில்லை.

ஈடிஎஃப்பாக மாற கிரேஸ்கேல் விண்ணப்பித்ததை 2022 ஜூனில் எஸ்இசி நிராகரித்தது. கிரேஸ்கேல் வழக்குப் போட்டது. ஃபியூச்சர் ஈடிஎஃப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டு ஸ்பாட்டுக்கு மறுப்பதற்கான காரணத்தை எஸ்இசி விளக்கவில்லை என்று 2023 ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புதான் 2024 ஜனவரி அனுமதிக்கு வழி திறந்தது. மாறிய உடனே டிஸ்கவுன்ட் ஏறக்குறைய காணாமல் போனது. சிக்கியிருந்தவர்கள் வெளியேறியதில் காயின் ஆறாக ஓடியது.

எந்த நாட்டில் எந்த கிரிப்டோ "டிரஸ்ட்" வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, தினமும் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்பதைத்தான். கட்டணமெல்லாம் அப்புறம்.

கேள்வி: பிட்காயின் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் ஒரு விலை. என்ஏவி (யூனிட்டின் உண்மை மதிப்பு) எதை வைத்து?

ஐபிட் எடுத்துக்கொள்வது சிஎம்இ சிஎஃப் பிட்காயின் குறியீட்டின் நியூயார்க் வடிவம். நியூயார்க் நேரம் மாலை 3 முதல் 4 வரை, காயின்பேஸ், கிராக்கன், பிட்ஸ்டாம்ப் போன்ற தேர்ந்தெடுத்த எக்ஸ்சேஞ்சுகளில் நடந்த வர்த்தகங்களை எடுப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பன்னிரண்டு ஐந்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அளவைக் கணக்கில் கொண்ட நடுமதிப்பை எடுத்து, பன்னிரண்டுக்கும் சராசரி போடுவார்கள்.

காரணம், 3.52க்கு ஒருவர் பெரிய ஆர்டரைத் தள்ளி விலையைக் குத்தி ஏற்றினாலும் அது ஒரு துண்டை மட்டுமே தொடும். அந்தத் துண்டிலும் சராசரி இல்லாமல் நடுமதிப்பு என்பதால் ஓரத்து விலைகள் எடுபடாது. ஏமாற்ற வேண்டுமானால் ஒரு மணி நேரம் முழுக்க, பல எக்ஸ்சேஞ்சுகளில், பணத்தைக் கொட்ட வேண்டும்.

கேள்வி: காயின்பேஸ் திவாலானால் என் பணம்?

பெரும்பகுதி காயின், இணையத்தோடு இணைக்காத கோல்ட் ஸ்டோரேஜில், டிரஸ்ட்டுக்கென்று தனி முகவரிகளில் இருக்கிறது. காயின்பேஸ் கஸ்டடி, நியூயார்க் மாநில நிதித்துறையின் உரிமம் பெற்ற தனி டிரஸ்ட் கம்பெனி. அங்கே இருக்கும் காயின் தாய்க் கம்பெனியின் சொத்தாகாது.

பலவீனமான இடம் வேறு. வாங்கல் விற்றல் நடக்கும்போது கொஞ்சம் காயின் "டிரேடிங் பேலன்ஸ்" கணக்கில் வந்து நிற்கும். அங்கே மற்ற வாடிக்கையாளர்களின் காயினோடு கலந்திருக்கும். அந்த நேரத்தில் விபரீதம் நடந்தால் டிரஸ்ட்டும் வரிசையில் நின்று பங்கு கேட்க வேண்டியதுதான். காப்பீடு உண்டு, ஆனால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே காப்பீடு; டிரஸ்ட் வைத்திருக்கும் தொகைக்கு முன்னால் அது சிறியது. வங்கி டெபாசிட்டுக்கான எஃப்டிஐசி பாதுகாப்பு இந்தக் காயினுக்கு இல்லை.

என் கவலை ஒரு கம்பெனி பற்றியது அல்ல. இந்த ஈடிஎஃப்களில் பெரும்பாலானவை ஒரே கஸ்டோடியனிடம் குவிந்திருக்கின்றன. அது பிடிக்காதவர்கள் ஃபிடெலிட்டியைப் பார்க்கலாம், சொந்தத் துணை நிறுவனத்திலேயே வைக்கிறது. பிட்வைஸ் தன் முகவரிகளை வெளியிடுகிறது, யாரும் சரிபார்க்கலாம்.

கேள்வி: 0.25% கட்டணம் என் ஸ்டேட்மென்ட்டில் வரவே இல்லையே?

வராது. டிரஸ்ட்டுக்கு வருமானம் கிடையாது. காயினை விற்றுத்தான் ஸ்பான்சருக்குக் கட்டணம் கொடுக்கிறது. உங்கள் யூனிட் எண்ணிக்கை அப்படியே இருக்கும், ஒரு யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் காயின் தேயும். 0.25 சதவீதத்தில் பத்து ஆண்டில் சுமார் 2.5 சதவீதக் காயின் போகும். ஜிபிடிசியின் 1.5 சதவீதத்தில் அதே காலத்தில் 14 சதவீதம்.

கேள்வி: சனி, ஞாயிறில் பிட்காயின் விழுந்தால்? ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன்.

ஸ்டாப் லாஸ் என்பது விலை ஒரு அளவுக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர். இங்கே அது காப்பாற்றாது. வெள்ளி மாலை 57 டாலரில் மூடியது என்று வையுங்கள். வார இறுதியில் பிட்காயின் 94,000க்கு வந்துவிட்டது. திங்கள் காலை யூனிட் நேரடியாக 53.58 பக்கம் திறக்கும். 55இல் வைத்த ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டராக மாறி 53.58 சுற்றித்தான் போகும். லிமிட்டோடு (இதற்குக் கீழே விற்காதே என்ற விலையோடு) வைத்திருந்தால் விற்காமலே நிற்கும்.

கேள்வி: பிட்டோ என்று இன்னொன்று இருக்கிறதே?

ஆமாம், புரோஷேர்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரில் தொடங்கிய ஈடிஎஃப். அது வைத்திருப்பது சிஎம்இ ஃபியூச்சர், காயின் அல்ல. மாதாமாதம் பழைய கான்ட்ராக்டை விட்டு அடுத்த மாதத்துக்கு மாற வேண்டும். அடுத்த மாதம் ஸ்பாட்டைவிட ஒரு சதவீதம் கூடுதல் விலையில் இருந்து, பிட்காயின் அசையாமல் நின்றால், முடிவுத் தேதிக்குள் அந்த ஒரு சதவீதம் கரைந்துவிடும். நீண்ட காலத்துக்கு வைப்பவர்களுக்கு இப்போது இதை எடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஈதர் ஈடிஎஃப்பில் ஸ்டேக்கிங் வருமானம் ஏன் முதலில் தரவில்லை?

ஸ்டேக்கிங் என்பது, எத்தீரியம் நெட்வொர்க்கின் காயினான ஈதரை அந்த நெட்வொர்க்கிலேயே பூட்டி வைத்து வருமானம் பெறுவது. ஈதர் ஈடிஎஃப்கள் 2024 ஜூலை 23 அன்று தொடங்கியபோது எஸ்இசியின் எதிர்ப்பால் ஸ்டேக்கிங்கை விண்ணப்பங்களிலிருந்தே நீக்கினார்கள். வரிச் சிக்கலும் இருந்தது. இந்த டிரஸ்ட்டுகள் கிரான்டர் டிரஸ்ட், அதாவது வரி டிரஸ்ட்டுக்கு இல்லை, யூனிட்காரர்களுக்கே. சும்மா வைத்திருக்கும்வரைதான் அந்தச் சலுகை. 2025 நவம்பரில் அமெரிக்க வருமான வரித்துறை நிபந்தனைகளோடு வழிவிட்டது. மிச்சமிருப்பது நடைமுறைத் தொல்லை: ஸ்டேக் செய்த ஈதரை எடுக்க வரிசையில் காத்திருக்க வேண்டும், ஏபி கேட்டால் உடனே கொடுக்க வேண்டும். அதனால் கொஞ்சம் ஈதரைக் கையிருப்பாக வைக்காமல் நடக்காது.

கேள்வி: இந்தியாவிலிருந்து வாங்கலாமா?

செபி அனுமதித்த கிரிப்டோ ஈடிஎஃப் இங்கே எந்த எக்ஸ்சேஞ்சிலும் இல்லை. வெளிநாட்டில் வாங்க எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வரம்பு ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். ஆனால் கிரிப்டோ ஈடிஎஃப்பை விடுவதா என்பது வங்கிக்கு வங்கி, புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்திருந்தால் வருமான வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்து விவரம்) கட்டாயம். அதில் கேட்பது காலண்டர் ஆண்டுக் கணக்கு, நம் மார்ச் கணக்கு அல்ல.

கேள்வி: வாங்கும்போது கவனிக்க ஏதாவது?

லிமிட் ஆர்டர் போடுங்கள். நம் நேரப்படி சந்தை திறப்பது கோடையில் இரவு 7.00, குளிர்காலத்தில் 8.00, முதல் சில நிமிடம் ஸ்ப்ரெட் அகலமாக இருக்கும், விடுங்கள். ஒவ்வொரு 15 நொடிக்கும் வெளியாகும் உத்தேச மதிப்போடு விலையை ஒப்பிட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். இன்னொன்று: பிட்காயின் பிளந்து புதுக் காயின் பிறந்தால் அதில் ஐபிட் யூனிட்காரருக்குப் பங்கு வராது. அந்த உரிமையை டிரஸ்ட் கைவிடும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.