கொன்றால் வயதாகாது

அன்புள்ள அக்கா,

அண்ணன் மகளுக்கு 13 வயது. சினிமா பார்த்துவிட்டு பழைய ஸ்பைடர்மேன் காமிக்ஸ் வேண்டும் என்கிறாள். ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேஸி சாகும் கதையை வாங்கிக் கொடுக்கலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா? நண்பர்களிடம் கேட்டால், 'பெண்ணைக் கொன்று ஹீரோவை அழவைக்கிற கதை அது' என்று ஒரு கூட்டம் புலம்புகிறது. ஆண்களும்தானே சாகிறார்கள்? சூப்பர்மேனே செத்தாரே! பொம்மைப் புத்தகத்தில் போய் ஆண் பெண் கணக்குப் பார்க்க வேண்டுமா?

பிரபு

அன்புள்ள பிரபு,

கடிதம் வந்த நேரம் அப்படி. இரண்டு நாளாக, க்வென் சாகிற அந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சித்தப்பா புத்தகம் வாங்கும் முன் இவ்வளவு யோசிக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது, 'புலம்புகிறது' என்ற சொல் வரும்வரை.

பொம்மைப் புத்தகம் என்றதை விட்டுவிடுகிறேன். அதை நீங்களே நம்பவில்லை. நம்பியிருந்தால் இத்தனை பேரிடம் யோசனை கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் புலம்பல்? 1999-ல் இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர் கெயில் சிமோன். அப்போது முடிதிருத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாசகி. காமிக்ஸ் பெண்களில் கொல்லப்பட்டவர்கள், முடமாக்கப்பட்டவர்கள், வல்லுறவுக்கு ஆளானவர்கள், சக்தி பறிக்கப்பட்டவர்கள் என்று பெயர் பெயராக 'ஃப்ரிட்ஜில் பெண்கள்' என்ற பட்டியலாக எழுதி, படைப்பாளிகளிடமே பதில் கேட்டார். கணக்கெடுத்துக் காட்டுவதற்குப் பெயர் புலம்பலா? நான்கு வருடம் கழித்து சூப்பர்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தில், பெண் வீராங்கனைகளின் தொடரான 'பேர்ட்ஸ் ஆஃப் பிரே' எழுத அவரே உட்கார்ந்தார்.

அந்தப் பட்டியலுக்குப் பெயர் கொடுத்த கொலை 'கிரீன் லான்டர்ன்' 54-ஆம் இதழில், 1994 ஆகஸ்டில் நடந்தது. அந்தத் தொடரின் ஹீரோ கைல் ரேனரின் காதலி அலெக்ஸாண்ட்ரா, புகைப்படம் எடுப்பவள். 48-ஆம் இதழில் அறிமுகமானவள் ஏழாவது இதழில் ஃப்ரிட்ஜுக்குள் கிடந்தாள். முதலில் வரைந்தபடி உடல் முழுதாகத் தெரிந்தது. தணிக்கைக்காகக் கதவைச் சாத்தி வரைந்ததில், துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டார்கள். தணிக்கை செய்த உபகாரம்.

ஆண்களும் சாகிறார்கள், சரி. எங்கே சாகிறார்கள் என்றும் பாருங்கள். சூப்பர்மேன் 1992-ல் நடுத்தெருவில், எதிரியையும் சாய்த்துவிட்டுச் சாகிறார். மறுவருடமே திரும்பிவிட்டார். அலெக்ஸாண்ட்ரா வீட்டுக்குள் செத்தாள். க்வென்னைத் தள்ளிவிட்ட வில்லன் கிரீன் காப்ளின், அதாவது நார்மன் ஆஸ்போர்ன், அடுத்த இதழிலேயே தன் பறக்கும் வண்டி குத்திச் செத்தான். 1996-ல் உயிரோடு வந்து நின்றான். க்வென் வரவில்லை. அவளுடைய நகல் வந்தது, 2014-ல் வேறொரு உலகத்து க்வென் சிலந்தி உடுப்போடு வந்தாள். செத்தவள் செத்தவள்தான்.

இனி 121. 1973 ஜூன் தேதியிட்ட இதழ். கதை ஜெர்ரி கான்வே, பென்சில் ஓவியம் கில் கேன். பாலத்தின் உச்சியில் க்வென் நினைவில்லாமல் கிடக்கிறாள். (படத்தில் இருப்பது ப்ரூக்ளின் பாலம், எழுத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். அவள் சாகிற இடத்தைக்கூட யாரும் ஒத்துப்பார்க்கவில்லை.) காப்ளின் தள்ளுகிறான். வலை காலைப் பிடிக்கிறது. அதே கட்டத்தில், கழுத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் 'ஸ்னாப்'. ஸ்பைடர்மேனுக்கு அது கேட்கவில்லை. அவளை மேலே இழுத்துக்கொண்டே, தன்னைப்போல் ஒரு வீரன் உண்டா என்று தன்னையே மெச்சிக்கொள்கிறான். கையில் இருப்பது பிணம். காமிக்ஸில் இதைவிடக் கொடூரமான தற்பெருமை எனக்குத் தெரிந்து இல்லை. கான்வே கெட்டிக்காரர், சந்தேகமே வேண்டாம்.

கழுத்து ஏன் முறிந்தது? 90 மீட்டர் விழுந்ததாக வையுங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால் வேகம் விநாடிக்கு 42 மீட்டர், மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். அதை அரை விநாடியில் நிறுத்தினால் உடல் தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல் எட்டரை மடங்கு. கால் நின்றுவிடுகிறது, தலை நிற்பதில்லை. சாட்டையின் நுனி மாதிரி அது சுண்டுகிறது. 2 விநாடி எடுத்துக்கொண்டு நிறுத்தியிருந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்தான், பிழைத்திருப்பாள். ஆனால் அதற்கு வலை 42 மீட்டர் இழுபட்டுக்கொடுக்க வேண்டும், கீழே அவ்வளவு இடமும் வேண்டும். இல்லையென்றால் கூடவே குதித்து, அவள் வேகத்துக்கு வந்து, அணைத்துப் பிடித்து, பிறகு மெல்ல நிறுத்த வேண்டும். காலில் வலை எறிவது எல்லாவற்றிலும் மோசமான வழி. மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜேம்ஸ் ககாலியோஸ் இந்தக் கணக்கைத் தன் புத்தகத்திலேயே போட்டுக் காட்டியிருக்கிறார். அதற்கும் முன்னால், 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில், திடீரென்று நின்ற அதிர்ச்சிதான் காரணம் என்று ஆசிரியர் தரப்பே பதில் எழுதிவிட்டது. ஒரு பெண் எதனால் செத்தாள் என்பது கதையில் தீரவில்லை, கடிதப் பகுதியில் தீர்ந்தது!

பார்த்தீர்களா, நானும் அதே குழியில்தான் விழுந்தேன். 50 வருடமாக இதுதான் வாதம். காப்ளின் கொன்றானா, வலை கொன்றதா? ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டரின் குற்றவுணர்ச்சி நியாயமா? எல்லாம் அவன் கை, அவன் வலை, அவன் மனசாட்சி. தலைகீழாகத் தொங்குகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஏன் கொன்றார்கள்? கதையை உலுக்க யாராவது சாக வேண்டும் என்றபோது முதலில் அடிபட்ட பெயர் பீட்டரை வளர்த்த மே பெரியம்மா. (அவள் கணவர் பென், பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன். 'மே அத்தை' என்று மொழிபெயர்ப்பவர்களை மன்னிக்கவே முடியாது.) க்வென் என்று சொன்னவர் ஓவியர் ஜான் ரொமீட்டா. பீட்டரும் அவளும் நெருங்கிய நெருக்கத்துக்கு அடுத்தது கல்யாணம்தான். அங்கேதான் மாதாந்திர இதழின் பயம் வருகிறது. கல்யாணம் செய்துவைத்தால் ஹீரோவுக்கு வயதாகிவிடும். விவாகரத்து என்றால் இன்னும் வயதாகிவிடும். கொன்றால் ஆகாது, துக்கம் இளமையாகத்தான் இருக்கும். ஹீரோ மாறக்கூடாது, கதை மட்டும் மாறியதாகத் தெரிய வேண்டும் என்றால், எடுத்து மாற்றக்கூடிய ஒரே உதிரிபாகம் காதலி.

இது என் ஊகம் இல்லை. 1987-ல் பீட்டருக்கும், க்வென்னுக்குப் பிறகு அவன் காதலியான மேரி ஜேனுக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். 2007-ல், பெரியம்மாவின் உயிருக்கு ஈடாக, பேயிடம் அந்தக் கல்யாணத்தையே விற்கவைத்து அழித்தார்கள். 20 வருடக் குடித்தனம். காரணம் கேட்டால் ஆசிரியர் சொன்னது இதே வயதுதான்.

வயது உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆபத்தா? தமிழில் வேதாளராகவும் மாயாவியாகவும் படித்தோமே, அந்த பாண்டம் 1936-ல் தொடங்கிய தொடர். 1977-ல் காதலி டயானாவைக் கட்டிக்கொண்டார், இரட்டைக் குழந்தைகளும் பிறந்தன. அவர் வாழ்கிற மண்டையோட்டுக் குகை இடிந்துவிடவில்லை. டயானாவும் ஐ.நா. வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வயதுப் பயத்தின் அசிங்கமான உச்சம் 2004-ல் வந்தது. க்வென் சாகும் முன்பே ரகசியமாக இரட்டைக் குழந்தை பெற்றாள் என்று ஒரு கதை. எழுத்தாளர் ஸ்ட்ராஸின்ஸ்கி நினைத்த தகப்பன் பீட்டர்தான். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் பீட்டருக்கு வயதாகிவிடுமே என்று மேலே மறுத்தார்கள். அப்புறம் யார் தகப்பன்? நார்மன் ஆஸ்போர்ன், அவளைக் கொன்றவன். உயிரோடு இருக்கிறவனின் இளமைக்காக, 31 வருடம் முன்பு செத்தவளின் பெயரைக் கெடுத்தார்கள். அதெல்லாம் பொய் என்று 2021-ல் இன்னொரு கதை எழுதிக் கழுவினார்கள். வேறு எதை வேண்டுமானாலும் வாங்கிக் கொடுங்கள், அந்த 2004 தொகுப்பை மட்டும் அந்தப் பிள்ளை கண்ணில் காட்டாதீர்கள்.

நீங்கள் கேட்டது வேறு, இல்லையா? கொடுங்கள். 13 வயது போதும், உங்கள் பயம் அவளுக்கு வேண்டாம். ஆனால் 121-ஐத் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள், 122-ம் சேர்ந்திருக்கிற தொகுப்பாகப் பாருங்கள். முடிந்தால் மேரி ஜேன் முகம் முதன்முதலாகத் தெரியும் 42-ஆம் இதழையும் முன்னாலேயே படிக்கவிடுங்கள். அந்த நாட்களில் அவள் வெறும் பார்ட்டிப் பெண். 122-ன் கடைசிப் பக்கத்தில் அவள் அழுதுகொண்டு நிற்கிறாள், பீட்டர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறான், போய்விடு என்கிறான். கதவு வரை போகிறாள். பிறகு சின்னச் சின்னக் கட்டங்கள், வசனமே இல்லை. கதவு 'கிளிக்' என்று சாத்திக்கொள்கிறது. அவள் உள்ளேதான் நிற்கிறாள். என் கணக்கில், அந்த இரண்டு இதழிலும் ஒரு பெண் தானாக எடுக்கிற முடிவு அது ஒன்றுதான்.

அன்புடன்
அக்கா