மனநோயோடு குடியும் போதையும் சேர்ந்திருப்பவர்களைக் கவனிக்க ஊழியர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

பினாங்கில் ஒரு சமூக மனநல மையத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி வைக்கப் போகிறோம், மனநோயோடு குடி, போதைப் பழக்கமும் இருப்பவர்களைக் கவனிக்க முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பட்டர்வொர்த் பக்கம் இதே துறையில் தாதி, இங்கே மிஸி என்பார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

கேட்கக் கற்றுக்கொடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். போதைப்பொருள் வகைகளைப் படம் போட்டுக் காட்டுவதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் சம்சு என்கிற மலிவுச் சாராயம், ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின், கெத்தும் இலையைக் காய்ச்சிய நீர் எல்லாம் நம் ஊழியர்களுக்குத் தெரியாத சங்கதியா என்ன? எதிரே உட்கார்ந்திருப்பவர் பொய் சொல்லத் தேவையில்லாதபடி கேட்பதுதான் வராது.

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாவது, விசேஷத்துக்கு" என்றுதான் பதில் வரும். அதையே தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, "தூக்கம் வராட்டி என்னண்ணே செய்வீங்க, ரெண்டு டின் போட்டா வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு எங்க மிஸி பத்துது" என்பார். இந்த இடத்தில் நம் வாய் ஈரல் கெட்டுப்போகும், பிள்ளைகளை நினைச்சுப் பாருங்கன்னு கிளம்பும் பாருங்கள், அதை அடக்குவதற்குத்தான் பயிற்சி. "சரிண்ணே, காலையில எழுந்திரிச்சதும் கை நடுங்குதா?" என்று அடுத்ததைக் கேட்கணும். ஒருவர் நோயாளியாக, ஒருவர் தாதியாக உட்கார்ந்து நடித்துப் பார்க்காமல் இது வராது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம், ஆடிட் என்பது, நல்ல கருவிதான், ஆனால் இப்படிப் பேச்சு விழுந்த பிறகு எடுத்தால்தான் உண்மை வரும்.

போதைப்பொருள் என்றால் பயம் வேறு. 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. மிஸியிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்று அவர் யோசிப்பது நியாயம்தானே. கோப்பில் என்ன எழுதுவோம், யார் பார்ப்பார்கள் என்பதைக் கேள்விக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அதற்கு உங்கள் மையத்தின் விதி என்னவென்று ஊழியருக்கே தெளிவாகத் தெரிந்திருக்கணும்.

அடுத்தது, உயிர் போகிற விஷயங்கள். தினமும் நிறையக் குடிப்பவரிடம் "நாளையிலிருந்து நிறுத்திடுங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பயந்து கத்துவதைப் புதுசாக வந்த மனநோய் என்று நினைத்து வார்டில் போட்டால் ஆபத்து. கை நடுக்கமும் வேர்வையும் இருந்தால் உடனே டாக்டர், கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1. ஹெராயின் பழக்கத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்தும் அப்படித்தான். அரசாங்கம் 2005-இல் தொடங்கிய திட்டம் அது, ஒருவர் ஒரு கிளினிக்கில் மெத்தடோன் குடித்துவிட்டு நம்மிடம் வந்து தூக்க மாத்திரை கேட்பார். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். மருந்துப் பட்டியலைக் கேட்கும்போது வேறு எந்தக் கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

ஐஸ் எடுப்பவர்களிடம் காதில் குரல் கேட்பதும், யாரோ பின்னாலேயே வருவதாகச் சந்தேகப்படுவதும் ஸ்கிட்ஸோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோய் மாதிரியே இருக்கும். நிறுத்தி ஒரு மாதம் போல ஆகியும் தொடர்ந்தால்தான் வேறு நோயாக இருக்குமோ என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். அதுவரை எந்தப் பெயரையும் குடும்பத்திடம் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள், பையனுக்குப் பெண் பார்க்கும்போதுகூட அந்தப் பெயர் கூடவே வரும். ஆனால் பெயர் முடிவாகும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இடையில் ஒன்று, சிகரெட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபின் மருந்தைச் சாப்பிடுபவர் வார்டுக்குள் வந்து சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும், அப்புறம் ஏன் இவர் இப்படித் தூங்கி வழிகிறார் என்று ஆளாளுக்கு முழிப்பார்கள்.

"முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மனசைப் பார்ப்போம்" என்று இங்கே சொல்வார்கள், மறுவாழ்வு மையத்தில் "முதல்ல மனசைச் சரிபண்ணிட்டு வாங்க" என்பார்கள். நடுவில் அந்த மனுஷன் காணாமல் போய்விடுவார். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே குழு பார்ப்பதுதான் பல வருடமாகச் சொல்லப்படும் வழி. ஒருநாள் பயிற்சியோடு விடாமல் மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு கேஸைக் கொண்டுவந்து பேச வையுங்கள், முக்கியமாகத் திரும்பக் குடிக்க ஆரம்பித்தவர்களின் கேஸை.

அப்புறம், தாதிகளையும் கவுன்சிலர்களையும் மட்டும் கூப்பிடாதீர்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளையையும் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவையும் உட்கார வையுங்கள். வாய் நாறுகிறது, நாளைக்கு வாங்க என்று ஆளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அங்கேதான், உள்ளே இருக்கும் நமக்கு அவர் வந்ததே தெரியாது.