‘தி ஃப்ரேம்ஸ்’ யார் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, டப்ளினுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீஸ் ஆட்களோடு பப்புக்குப் போனேன், ஏதோ ஒரு பாட்டு போட்டதும் மேனேஜர் முதல் ரிசப்ஷன் பெண் வரை சேர்ந்து பாடினார்கள், ‘தி ஃப்ரேம்ஸ்’ என்று சொன்னார்கள், யூ2 தவிர எனக்கு இந்த ஊர் ராக் எதுவும் தெரியாது, இவர்கள் அவ்வளவு பெரிய ஆட்களா என்று கேட்டிருந்தாய்.

பெரிய ஆட்கள் இல்லை. அதனால்தான் இவ்வளவு பிரியம்.

யூ2 பற்றி ஆபீஸில் ஒரு வார்த்தை எடுத்துப் பார், பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பாட்டு உரிமையைப் பார்த்துக்கொள்ளும் தங்கள் கம்பெனியை 2006-ல் வரிக்காக நெதர்லாந்துக்கு மாற்றியதை இங்கே பலர் இன்னும் மறக்கவில்லை. உச்சிக்குப் போனவனைக் கொஞ்சம் கீழே இழுத்து வைத்தால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும். ஃப்ரேம்ஸ் கதை நேர் எதிர். அவர்களை இழுக்கத் தேவையே இருக்கவில்லை. பதினைந்து வருடம் தானாகவே சறுக்கிச் சறுக்கித்தான் ஏறினார்கள்.

பாடகர் கிளென் ஹான்சார்ட் பாலிமன்காரர். நீ ஐகியாவுக்குச் சாமான் வாங்கப் போயிருப்பாய் அல்லவா, அந்தப் பகுதிதான். இப்போது பார்த்தால் தெரியாது. அறுபதுகளில் அரசு கட்டிய உயரமான அடுக்குமாடிகள் நின்ற இடம், எல்லாவற்றையும் பின்னால் இடித்துவிட்டார்கள். பதிமூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டு கிராஃப்டன் தெருவில் கிட்டாரோடு நின்று பாடப் போனார். வீட்டில் சைக்கிள் ரிப்பேர் வேறு. வாசல் முழுக்கக் கழற்றிப் போட்ட சைக்கிள் சட்டங்கள், அக்கம்பக்கத்தார் ‘ஃப்ரேம் கிடக்கிற வீடு’ என்று அடையாளம் சொல்வார்களாம். குழுவின் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

குழு தொடங்கியது 1990-ல். அடுத்த வருடமே ஆலன் பார்க்கரின் ‘தி கமிட்மென்ட்ஸ்’ படத்தில் கிளென் கிட்டார்காரராக நடித்தார். படம் பெரிய ஹிட். நல்லதுதானே என்பாய். ஆனால் அதற்கப்புறம் தெருவில் பார்க்கிறவனெல்லாம் படத்தின் பாத்திரப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான், பாட்டைக் கேட்க ஆளில்லை. அந்தப் படத்தில் நடித்திருக்கவே கூடாது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பெரிய கம்பெனிகள் கைவிட்ட கதையும் உண்டு. 1991-ல் முதல் ஆல்பம் ஐலண்டு வழியாக வந்தது. யூ2வை வெளியிட்ட அதே கம்பெனி. விற்கவில்லை, ஒப்பந்தம் போனது. அப்புறம் தயாரிப்பாளர் டிரெவர் ஹார்னின் இசட்டிடி கம்பெனி. அங்கேயும் சரிப்படவில்லை. இரண்டாவது ஆல்பத்துக்கு ‘ஃபிட்ஸ்கரால்டோ’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கப்பலை ஆட்கள் கயிறு கட்டி மலை மேல் இழுக்கிற வெர்னர் ஹெர்சாக் படத்தின் பெயர். தங்கள் ஜாதகத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள் போல.

திருப்பம் 2001-ல். கம்பெனியே வேண்டாம் என்று பிளாட்டோ என்ற சொந்த லேபிளில் ‘ஃபார் தி பேர்ட்ஸ்’ ஆல்பத்தைப் போட்டார்கள். அதில் ஒரு பகுதியை சிகாகோவில் ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்தார். ‘நிர்வாணா’ என்ற அமெரிக்க ராக் குழுவோடு வேலை பார்த்தவர். இருக்கிற சத்தத்தை இருக்கிறபடி பிடித்தவர், மெருகு பூசாதவர். அதுவரை கத்திக்கொண்டிருந்த குழு அதில் அடங்கி, மெதுவாகப் பாடியது. கோல்ம் மக் கோன் இயோமரின் வயலின் முன்னுக்கு வந்தது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். உன் ஆபீஸில் இதற்கு ஒரு சண்டை நிச்சயம் உண்டு, நடக்கட்டும்.

ஆனால் நாட்டையே பிடித்துக்கொண்டது ஸ்டுடியோ ஆல்பம் அல்ல. தாமஸ் தெருவில் விக்கர் ஸ்ட்ரீட் என்று ஒரு அரங்கம் இருக்கிறது, ஆயிரம் பேர் சொச்சம் உட்காரலாம், நின்றால் இன்னும் அதிகம் கொள்ளும். அங்கே பதிவு செய்து 2003-ல் ‘செட் லிஸ்ட்’ என்று ஒரு நேரடி ஆல்பம் போட்டார்கள். அயர்லாந்தில் நம்பர் ஒன். கிளென் பாட்டுக்கு நடுவே கதை சொல்வார், கூட்டம் சிரிக்கும், அடுத்த பாட்டை அவர் பாட ஆரம்பிப்பதற்குள் கூட்டமே பாடும். உன் மேனேஜருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்குமா? அப்படியானால் அவர் இருபதுகளில் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். நீ பப்பில் பார்த்தது அதன் மிச்சம்.

இனி உனக்கு நேராகத் தொடர்புள்ள பகுதி. குழுவில் ஆரம்பத்தில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் கார்னி பிறகு சினிமா எடுக்கப் போனார். ‘ஒன்ஸ்’ என்ற படம். தெருப்பாடகன் ஒருவன், செக் நாட்டிலிருந்து வந்து டப்ளினில் பூ விற்கும் பெண் ஒருத்தி. முதலில் கதாநாயகனாக நினைத்தது கில்லியன் மர்ஃபியை. அவர் விலகியதும் பாட்டு எழுதிக்கொண்டிருந்த கிளெனையே நடிக்க வைத்தார்கள். கூட நடித்து, கூடவே பாட்டும் எழுதியவர் மார்கெட்டா இர்க்லோவா, அப்போது பதின்வயதுப் பெண். பதினேழு நாளில், கைக்கு அடக்கமான காசில், அனுமதி வாங்காமல் தூரத்திலிருந்து கேமரா வைத்துத் தெருவிலேயே எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் வாடகை வீட்டில்தான் டிவி இருக்கும், அதே கட்டடத்தில் இருக்கிற மற்ற நாட்டுப் பையன்கள் சாயந்திரமானால் ஐரிஷ் சீரியல் பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 2004-ல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு இந்த ஊர் எப்படி மாறியது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். வந்தேறிகள் நாம் பார்க்க வேண்டிய படம்.

2008 பிப்ரவரியில் அதன் ‘ஃபாலிங் ஸ்லோலி’ பாட்டுக்குச் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர். போட்டியில் இருந்த ஐந்தில் மூன்று பாட்டு ஒரே டிஸ்னி படத்தினுடையவை, தெரியுமா? கிளென் பேசி முடித்ததும் இசை ஒலிக்க ஆரம்பித்து, மார்கெட்டாவுக்குப் பேச வாய்ப்பில்லாமல் போனது. விளம்பர இடைவேளை முடிந்து நிகழ்ச்சியை நடத்திய ஜான் ஸ்டூவர்ட் அவரைத் திரும்ப மேடைக்குக் கூப்பிட்டுப் பேச வைத்தார். அந்த வீடியோவை இங்கே யாரிடம் சொன்னாலும் முகம் மலரும். மறுவருடம் அதே விருதை வாங்கியவர் நம்ம ரஹ்மான். பப்பில் பேச்சு நின்றுபோனால் இதை எடுத்துவிடு, நன்றாக வேலை செய்யும்.

ஆஸ்கருக்குப் பிறகு ஃப்ரேம்ஸ் பெயரில் புதிதாக அதிகம் வரவில்லை. படம் பிராட்வே நாடகமாகி 2012-ல் எட்டு டோனி விருது வாங்கியது; கிளென் தனியாக ஆல்பம் போட்டார்; 2015-ல் இருபத்தைந்தாவது வருடத்துக்கு எல்லாரும் கூடி வாசித்தார்கள். உலகப் புகழ் வந்தது குழுவுக்கு இல்லை, ஒரு ஆளுக்கும் ஒரு பாட்டுக்கும். மற்றவர்களுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காதா என்று நானும் யோசித்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. கிளென் இன்னும் கூப்பிட்ட இடத்துக்கு வருகிறார் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. ‘தி போக்ஸ்’ குழுவின் பாடகர் ஷேன் மெக்கோவன் 2023 நவம்பர் கடைசியில் இறந்தபோது, டிசம்பரில் நீனா ஊர் சர்ச்சில் நடந்த இறுதிச் சடங்கில் பாடகி லிசா ஓ’நீலோடு சேர்ந்து கிளென் பாடினார், சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் ஜோடியாக ஆடினார்கள். யூடியூபில் இருக்கிறது. நம் ஊரில் சாவுக்குப் பறை அடித்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் விசித்திரமாகத் தெரியாது.

அடுத்த முறை யாராவது கச்சேரிக்குக் கூப்பிட்டால் யோசிக்காமல் போ. வெக்ஸ்ஃபோர்டு தெருவில் வீலன்ஸ் என்று ஒரு பப், பின்கட்டில் சின்ன மேடை. இந்த ஊரின் முக்கால்வாசிக் குழுக்கள் அங்கேதான் தலைகாட்டின. டிக்கெட்டில் போட்டிருப்பது கதவு திறக்கும் நேரம், முக்கியக் குழு மேடைக்கு வர அதற்கப்புறம் வெகுநேரம் ஆகும், அதனால் சாப்பிட்டுவிட்டுப் போ. மெதுவான பாட்டு ஓடும்போது மட்டும் பேசாதே, முன்பின் தெரியாதவர்களே திரும்பி முறைப்பார்கள். நீ குடிக்க மாட்டாய் என்றால் ஆளுக்கு ஒரு சுற்று என்று மாறி மாறி எல்லாருக்கும் குடிக்க வாங்கித் தரும் முறையில் ஆரம்பத்திலேயே சேராதே. “எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டு உன் சுற்று வரும்போது நழுவினால் அடுத்த கிறிஸ்துமஸ் பார்ட்டி வரை அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.