சி.என்.சி. ரூட்டருக்குத் தகடு வெட்டக் கொடுக்குமுன்

கேள்வி: வீட்டில் மரவேலைக்காகச் சிறிய சி.என்.சி. ரூட்டர் (கணினி சொல்வதுபோல் மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) செய்துகொண்டிருக்கிறேன். 6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பக்கத் தகடு 2, நீமா 23 என்ற அளவு மோட்டார் மாட்ட 3 மி.மீ. எல் பிராக்கெட் 4 தேவை. லேசர் கட்டிங் பட்டறையில் எப்படிக் கொடுப்பது? எம்5 (5 மி.மீ. போல்ட்) மரைக்கான துளைகளையும் லேசரிலேயே வெட்டிக்கொள்ளலாமா? – ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். எம்5 மரைக்கு 4.2 மி.மீ. துளை தேவை. 6 மி.மீ. தகட்டில் அது தகட்டின் கனத்தைவிடச் சிறியது. அவ்வளவு சிறிய துளை மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக வரும். லேசர் வெட்டத் தொடங்கிய இடத்தில் ஒரு சிறு புடைப்பும் நிற்கும். போதாக்குறைக்கு, சூட்டில் விளிம்பு இறுகிப்போயிருக்கும். அதில் டேப் (மரை வெட்டும் கருவி) இறக்கினால் டேப் உடைந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். துளையின் மையத்தை மட்டும் லேசரால் மார்க் செய்து தரச் சொல்லுங்கள். 4.2 டிரில்லும் டேப்பும், எண்ணெய் விட்டு, நீங்களே போட்டுக்கொள்ளலாம். பின்புறம் நட் மாட்ட இடமிருந்தால் மரையே தேவையில்லை, 5.5 துளை வெட்டி போல்ட்டை முடுக்கிவிடுங்கள். பேரிங் இறுக்கமாக உட்காரவேண்டிய துளையையும் லேசரை நம்பி விடாதீர்கள். அரை மி.மீ. குறைத்து வெட்டி, லேத்தில் போரிங் செய்து (கடைந்து) பெரிதாக்குவதுதான் சரி.

வரைபடம் டி.எக்ஸ்.எஃப். (கணினி வரைபடக்) கோப்பாக, 1:1 அளவில், மி.மீ.யில் இருக்கட்டும். அங்குலத்தில் வரைந்ததை அவர்கள் மி.மீ. என்று திறந்தால் தகடு 25.4 மடங்கு சிறுத்துவிடும். அதனால் ‘மொத்த அளவு 300 × 200’ என்று தனியாக எழுதி அனுப்புங்கள். ஒரே கோடு இரண்டு முறை வரையப்பட்டிருந்தால் லேசர் அதே பாதையில் இரண்டு முறை போகும். விளிம்பு கருகும், கட்டிங் கூலியும் இரட்டிப்பாகும். கோடுகளின் முனைகள் சேராமல் இருந்தால் எது உள், எது வெளி என்று மென்பொருளுக்குத் தெரியாது. லேசர் தின்னும் அகலத்தை நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதைப் பட்டறை பார்த்துக்கொள்ளும். இருவரும் சேர்த்தால் அளவு தப்பும். பரிமாணக் கோடுகளும் எழுத்துகளும் இந்தக் கோப்பில் கூடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு பி.டி.எஃப். கொடுங்கள்.

பிராக்கெட்டில்தான் பலரும் சறுக்குவது. நீமா 23 மோட்டாரின் நான்கு துளைகள் 47.14 மி.மீ. சதுரத்தில் இருக்கும், நடுவில் துருத்தும் வட்டம் 38.1. அதற்கு 38.5 வெட்டுங்கள், போல்ட்டுக்கு 5.5. வளைவை ஒட்டித் துளை இருந்தால் வளைக்கும்போது அது முட்டை வடிவாக இழுபடும். வளைவு தொடங்கும் இடத்துக்கும் துளை விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. தகட்டில் 8 மி.மீ.யாவது விடவேண்டும். ஆகவே, வளைவுக்கு 6, இடைவெளி 8, துளையின் பாதி 2.75 சேர்த்து, கீழ்த் துளைகளின் மையத்தை வெளி மூலையிலிருந்து 17 மி.மீ. உயரத்தில் வையுங்கள். மேல் துளைகள் 64.1இல் வரும், நிற்கும் கால் 75 மி.மீ. இருந்தால் போதும். படுக்கும் கால் 50 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வளைக்காத தகட்டின் நீளம் 125 அல்ல. உள் ஆரம் 3 மி.மீ., கே காரணி (வளைக்கும்போது நீளம் மாறாத கோடு தகட்டின் கனத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்) 0.4 என்றால், வளைவுக்கு 6 போக இரண்டு கால்களின் நேர்ப் பகுதி 69 + 44, வளைவு 6.6, மொத்தம் 119.6. பட்டறையின் டை (வளைக்கும் அச்சு) மாறினால் ஆரம் மாறும், இந்த எண்ணும் மாறும். எனவே வளைத்த பிறகு வேண்டிய அளவுகளைக் கொடுத்து, விரிப்பு அளவை அவர்களையே கணக்கிடச் சொல்வது நல்லது. வெட்டு ஓரிடம், பெண்டிங் வேறிடம் என்றால் பெண்டிங் செய்பவரிடம் முதலில் கேட்டுவிட்டு வெட்டக் கொடுங்கள்.

கூலி பொதுவாக மூன்றைப் பொறுத்தது: இரும்பின் எடை, வெட்டும் நீளம், துளைத்துத் தொடங்கும் இடங்களின் எண்ணிக்கை. எடையை, தகட்டைச் சுற்றி வரையும் செவ்வகத்துக்குத்தான் போடுவார்கள். 1 ச.மீ. எம்.எஸ். தகடு ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ, 300 × 200 × 6 தகடு ஒன்று சுமார் 2.8 கிலோ. சின்ன வேலைக்குப் பல பட்டறைகள் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைத்திருக்கும், அதை முதலிலேயே கேளுங்கள். அந்தத் தொகைக்குள் அடங்கினால் பிராக்கெட்டில் ஒன்று கூடுதலாகச் சேர்த்துவிடலாம். பெரிய வேலையில் மிஞ்சிய துண்டு இருந்தால் அதில் வெட்டித் தரச் சொல்லுங்கள், தொகை குறையும்.

6 மி.மீ. எம்.எஸ். பெரும்பாலும் ஆக்சிஜன் ஊதித்தான் வெட்டுவார்கள். விளிம்பில் ஆக்சைடு படலம் படியும். அதன்மேல் அடித்த பெயின்ட் உரிந்து வரும். ஃப்ளாப் டிஸ்க்கால் தேய்த்து, அடிப்பக்கப் பிசிறையும் எடுத்துவிட்டே பெயின்ட் அடியுங்கள்.

கோப்பை அனுப்புமுன் தாளில் 1:1 அச்செடுத்து மோட்டாரின்மேல் வைத்துப் பாருங்கள். பொருளை வாங்கப் போகும்போது மோட்டாரையும் வெர்னியரையும் (அளவுக் கருவி) எடுத்துப் போங்கள்.