கேடயச் சிங்கங்களின் நிலைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்து அரசச் சின்னத்தின் சிவப்புச் சிங்கத்தை ‘ராம்பண்ட்’ என்கிறார்கள். சினத்தின் குறியா?

பதில்: நிலையின் பெயர், அவ்வளவுதான். உடலை நிமிர்த்தி, ஒரு பின்னங்காலில் நின்று, மற்ற மூன்று கால்களையும் உயர்த்தினால் ராம்பண்ட். பின்னங்கால்கள் இரண்டும் ஊன்றியிருக்க, முன்னங்கால்கள் சேர்ந்து எழுந்தால் சேலியண்ட். வலது முன்னங்காலை மட்டும் தூக்கி நடந்தால் பாசண்ட். உட்கார்ந்தால் சேஜண்ட், தலை நிமிர்ந்து படுத்தால் கூஷண்ட், உறங்கினால் டார்மண்ட். முகம் நம்மைப் பார்த்தால் கூடவே ‘கார்டண்ட்’ என்றும், பின்னோக்கித் திரும்பினால் ‘ரிகார்டண்ட்’ என்றும் சேர்ப்பார்கள். படமே பார்க்காத ஓவியரும் ஒரு வரி விவரத்தைக் கொண்டு கேடயத்தை வரைந்துவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை சொற்கள். ஒன்றை மறவாதீர்கள்: வலம், இடம் இரண்டும் கேடயம் ஏந்தியவருக்கு உரியவை, பார்ப்பவருக்கு அல்ல.

கேள்வி: சிங்கம் வலப்பக்கம் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறது, படத்தில் இடப்பக்கம் பார்க்கிறதே?

பதில்: மேலே உள்ள பதிலின் கடைசி வாக்கியம்.

கேள்வி: கழுகுத் தலையும் சிறகும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கான கிரிஃபின் எழுந்து நின்றாலும் ராம்பண்ட்தானா?

பதில்: அதற்குத் தனிச்சொல் உண்டு, ‘செக்ரியண்ட்’.

கேள்வி: இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள் உண்மையில் சிறுத்தைகள் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் பாதி சரி. பழைய பிரெஞ்சு மரபில் எழுந்து நின்று பக்கவாட்டில் பார்ப்பதே சிங்கம். நடந்தபடி முகத்தை நம் பக்கம் திருப்பினால் சிறுத்தை. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டின் 1198 ஆம் ஆண்டு முத்திரையில் இருப்பவை அப்படி நடப்பவையே.

கேள்வி: சிறுத்தைக்குப் புள்ளி வேண்டாமா? எழுந்து நின்று நம்மைப் பார்த்தால் என்ன செய்வார்கள்?

பதில்: புள்ளி கேட்பது விலங்கியல், இங்கே காலும் கழுத்தும்தான் கணக்கு. நீங்கள் சொன்னதைப் பிரெஞ்சு மரபினர் ‘சிங்கமான சிறுத்தை’ என்பார்கள். நடந்தபடி பக்கவாட்டில் பார்த்தால் ‘சிறுத்தையான சிங்கம்’. சிரிப்பு வந்தாலும் ஒழுங்கான முறைதான். ஆங்கிலேயர் எல்லாவற்றையும் சிங்கம் என்று வைத்துக்கொண்டு, நிலையைத் தனியே சொல்கிறார்கள். எனக்கு அதுவே பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் புள்ளி இல்லாத சிறுத்தை...

பதில்: போதும். அடுத்தவர்.

கேள்வி: இலங்கைக் கொடியில் உள்ள சிங்கம்?

பதில்: பாசண்ட். தூக்கிய வலது முன்னங்காலில் வாள்.

கேள்வி: எங்கள் குடும்பப் பெயருக்கு உரிய சின்னம் எது?

பதில்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மரபில் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வழியில் உரிமை பெறுவோருக்கும் உரியது. குடும்பப் பெயரைச் சொன்னதும் சின்னம் அச்சடித்து விற்கும் கடைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் பாட்டியின் குடும்பப் பெயருக்காவது?

பதில்: கொடுக்காதீர்கள்.