அமெரிக்க உள்நாட்டுப் போர்: மாநில உரிமைக்காகவா, அடிமை முறைக்காகவா?

மாநில உரிமைக்காகத்தான் தென் மாநிலங்கள் பிரிந்தன என்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சப்பைக்கட்டாகத்தான் படுகிறது. 1850-ல் வந்த, தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவரை எஜமானிடம் திருப்பி அனுப்பினால், வழக்கை விசாரிக்கும் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர்தான்! பிடிபட்டவர் சாட்சி சொல்லவும் முடியாது. இதை முடக்க வட மாநிலங்கள் தனிச் சட்டங்கள் போட்டன. அப்போது மாநில உரிமைக்கு எதிராகக் கொதித்தது தெற்குதான். 1860 டிசம்பரில் பிரிந்த தென் கரோலினாவின் அறிக்கையிலும் இதே புலம்பல்தான்.

நடுவில் 1857-ல், விடுதலை கேட்டு ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல, புதிய பிரதேசங்களில் அடிமை முறையைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடுக்கவும் முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சமரசத்துக்கு இருந்த வழியும் குறுகிப்போனது. அப்புறம் 1860 நவம்பர் அதிபர் தேர்தலில், அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கன் ஜெயித்தார். அடுத்த மாதமே தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரலில், அங்கே மத்திய அரசின் வசம் இருந்த சம்டர் கோட்டைமீது தெற்கின் பீரங்கிகள் முழங்கின; போர் தொடங்கியது.